புதன்கிழமை ரொட்டி

ஓடைக்கரைப்பட்டியில் புதன்கிழமை நின்றுபோனபோது முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடை பால்ச்சாமி விடிகாலையில் வழக்கம்போல நேற்றைய தாளைக் கிழிக்கக் காலண்டரில் கை வைத்தார், தாள் வரவில்லை, பசை கூடிப்போச்சு போல என்று சொல்லிவிட்டுப் பாய்லருக்குக் கரி போட்டார். சலூனிலும் வரவில்லை, ரேஷன் கடையிலும் வரவில்லை, அம்மன் கோயில் பூசாரி கத்தரிக்கோல் வைத்துப் பார்த்தார், கத்தரிக்கோல் தண்ணீரை வெட்டுவதுபோலத் தாளுக்குள் போய்த் தாளை விட்டு வெளியே வந்தது. மதுரை பஸ்ஸிலிருந்து பேப்பர் கட்டு இறங்கியது. அதில் செய்தியெல்லாம் புதிதாக இருந்தது, கிழமை மட்டும் புதன் என்றே போட்டிருந்தது. அச்சடித்து வந்த பிறகு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. "சரி, இன்னைக்கும் புதன்தான் போல" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

மறுநாளும் புதன், அதற்கு மறுநாளும் புதன். சூரியன் வந்தது, போனது, கோழி முட்டையிட்டது, கிழமை மட்டும் நகரவில்லை. ஓடைக்கரைப்பட்டியில் புதன் சந்தை நாள் என்பதால் தினமும் சந்தை கூடியது. சுற்றுப்பட்டி ஆட்கள் கத்தரிக்காயும் கருவாடும் தூக்கிக்கொண்டு தினமும் வந்தார்கள், வாங்க ஆளில்லாமல் ஒருவர் பொருளை ஒருவர் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தில் புதன் கால அட்டவணைப்படி தினமும் இரண்டு கணக்குப் பாடம் நடந்தது, பிள்ளைகள் அழுதார்கள், கொஞ்ச காலத்தில் கணக்கு வாத்தியாரும் அழுதார். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு கிடைக்கவில்லை. மட்டன் கடைக்காரர் மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. எத்தனை புதன் போயிற்று என்று எண்ண யாருக்கும் வழி தெரியவில்லை, எண்ணிச் சொன்னாலும் அதை எந்தத் தேதியில் சேர்ப்பது?

காரணம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

செல்வகனி, அழகுவேல் அண்ணாச்சியின் காலண்டர் அச்சகத்தில் டைப் அடிக்கிறவள். ஊர் முழுக்கத் தொங்கும் தினசரி காலண்டர் அங்கேதான் அச்சானது. தாளின் முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராசிபலன். பின்பக்கம் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். போன வருஷம் நிரப்ப ஒன்றும் கிடைக்காமல் அண்ணாச்சி தவித்தபோது, மேஜை இழுப்பறையில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடந்தது. 'தொடக்கநிலையினருக்கான மெக்சிகோ வீட்டுச் சமையல்.' வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவர் புத்தகமாக அடித்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர், போனவர்தான். "நாளுக்கு ஒரு பதார்த்தமா பின்னால தூக்கிப் போடு, கனி. எவன் திருப்பிப் பாக்கப் போறான்?" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னது சரி, ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. டைப் அடித்த கனி மட்டும், அடித்தது உண்மைதானா என்று பார்க்கும் ஆசையில், ஜனவரி முதல் தேதியிலிருந்து அன்றன்றைய பதார்த்தத்தை அன்றன்று காலையில் செய்து டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டு அச்சகம் போனாள். தக்காளியும் பச்சைமிளகாயும் சுட்டு இடித்த சால்சா, வெண்ணெய்ப்பழத்தை மசித்து எலுமிச்சை பிழிந்த குவாக்கமோலே, தக்காளிச் சாற்றில் வெந்த சோறு. தாள் மடிக்கிற பெண்கள் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, "இதுக்கு நம்ம துவையலே தேவல" என்பார்கள், சொல்லிவிட்டு டப்பாவைக் காலி செய்வார்கள். எழுதிய பெரியவர் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்: பயப்பட வேண்டாம். எண்ணெய் தெறித்தால் பயப்பட வேண்டாம், நிறம் மாறினால் பயப்பட வேண்டாம். கனிக்கு அதைப் படிக்கப் படிக்க யாரோ தோளருகே நின்று பேசுவது போலிருந்தது.

அந்தப் புதன்கிழமைக்கு உரியது மக்காச்சோள ரொட்டி. கோழித் தீவனக் கடையில் சோளம் வாங்கி, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து அதில் வேகவைத்து, செவ்வாய்க்கிழமை ஊறப்போட்டிருந்தாள். அன்று சாயங்காலம்தான் அவளுக்குக் கல்யாணக் காப்பு கட்டினார்கள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். காப்பு கட்டிய பெண் அடுப்படிக்குப் போகக் கூடாது, நெருப்பைத் தொடக் கூடாது. அம்மா பாக்கியத்தாய் ஊறிய சோளத்தைப் பார்த்தாள், "இந்தக் கூத்தெல்லாம் இன்னையோட சரி" என்று கோழிக்குக் கொட்டினாள். கோழிகள் தின்றன. புதன் நின்றது.

மாப்பிள்ளை ஜெயசீலன் அண்ணாச்சியின் தங்கச்சி மகன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கெட்டவன் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், இடியாப்பம் பிழியத் தெரியுமா என்று. வெள்ளிக்கிழமை தாலி கட்டி ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுவான். கனி அவன் அம்மா சந்தனமாரியோடு பெரிய வீட்டில் இருக்க வேண்டும். "எங்க வீட்டு மருமக மெஷின் முன்னால போயி ஒக்காரக் கூடாது" என்று சந்தனமாரி பூ வைத்த அன்றே சொல்லிவிட்டாள். கனி அம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னாள், மறுபடியும் சொன்னாள். "மண்டபம் சொல்லியாச்சுடி" என்றாள் அம்மா, மண்டபத்துக்குச் சொன்ன பிறகு மனுஷிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல.

வெள்ளிக்கிழமைதான் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை. ஆடி முடியும்போது மாப்பிள்ளை மஸ்கட்டில் இருப்பான், அவனுக்கு அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. ஆகவே கனி கையில் மஞ்சள் கயிற்றோடு வீட்டு மூலையில் உட்கார்ந்து, வெள்ளி வராத ஒவ்வொரு காலையையும் பயத்தோடும் ருசியோடும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதே செவ்வாய்க்கிழமை அவள் மதினி முனீஸ்வரியை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் பிரசவம். புதன் காலையில் வலி எடுத்தது, வியாழன் விடியறதுக்குள்ள பெத்துருவா என்று நர்ஸ் சொன்னார். ஒவ்வொரு புதனும் காலையில் வலி எடுத்தது, வெயில் ஏற ஏற ஏறியது, பொழுது சாய்ந்ததும் அடங்கியது, மறுபடி புதன் காலை மறுபடி எடுத்தது. கனியின் அண்ணன் ஐயனார் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலேயே கிடந்தான். கனி இதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். நாளைக்கு ஒரு வழி தெரியும் என்று நினைத்துக்கொண்டாள், நாளை என்று ஒன்று இல்லாததை மறந்து.

கல்யாணப் பந்தலிலேயே ஊர்க்கூட்டம் போட்டார்கள், வேறு எங்கும் அவ்வளவு நிழல் இல்லை. வாழைமரம் வாடிச் சாய்ந்திருந்தது. பந்தல் காலில் அச்சகத்துப் பெரிய காலண்டர் தொங்கியது. ஜோசியர் பேசினார், பூசாரி பேசினார், கணக்கு வாத்தியார் பேச எழுந்து, அழுதுவிட்டு உட்கார்ந்தார்.

"தாளு எல்லாம் நல்ல தாளுதான், பசையும் பழைய பசைதான்" என்றார் அழகுவேல் அண்ணாச்சி. "நான் என்னத்தச் செய்ய?"

"செய்ய வேண்டியத எவளோ செய்யாம விட்டுருக்கா" என்றாள் சந்தனமாரி. "நேத்திக்கடனோ என்னவோ. சொல்லுங்க, யாரு என்ன பாக்கி வச்சிருக்கீக?"

அப்போது, ஊருக்கு உதவுகிற ஒரே எண்ணத்தில், பாக்கியத்தாய் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒண்ணும் பாக்கி இல்ல மதினி. இவதான் தெனமும் காலண்டருக்குப் பின்னால இருக்கிறத ஆக்கி டப்பால எடுத்துட்டுப் போவா. காப்பு கட்டவும் நாந்தான் வேணாம்னுட்டேன்."

பால்ச்சாமி எழுந்து போய்க் காலண்டர் தாளை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "ரொட்டி" என்றார். "ரொட்டி உப்ப வேண்டும்னு போட்டிருக்கு. பயப்பட வேண்டாம்னும் போட்டிருக்கு."

கனி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு அப்போதும் தான் என்ன சொன்னோம் என்று விளங்கவில்லை.

ரொட்டி என்றதும் ஊர் பரோட்டா மாஸ்டர் காசியைக் கூப்பிட்டது. காசி வாழ்நாளில் அத்தனை பேர் பார்க்க மாவு பிசைந்ததில்லை. தீவனக் கடைச் சோளத்தை மில்லில் மாவாக்கி, கொஞ்சம் மைதா சேர்த்து, எண்ணெய் விட்டு, வீசிச் சுழற்றி, சுருட்டித் தட்டிக் கல்லில் போட்டார். மணம் நன்றாக இருந்தது. தாள் அசையவில்லை. "சுண்ணாம்பு எங்கவே?" என்று வாத்தியார் கேட்டார். "ரொட்டிக்கு எவன்யா சுண்ணாம்பு போடுவான், சுவத்துக்கா அடிக்கேன்?" என்றார் காசி. சுண்ணாம்பு போட்டும் செய்தார். ஒரு ரொட்டி லேசாக உப்புவது போல் உப்பிற்று. காலண்டர் தாளின் கீழ்மூலை ஒரு நெல் உயரம் எழும்பிற்று. ரொட்டி அமுங்கியது, தாளும் படிந்தது.

இனிச் சந்தேகமில்லை. கனிதான் செய்ய வேண்டும். ஆனால் காப்பு கட்டிய கை நெருப்பைத் தொடலாமா? பூசாரி கூடாது என்றார். ஜோசியர், புதன் நின்ற ஊரில் சாஸ்திரமும் நின்றுதான் இருக்கும் என்றார். கடைசியில் காப்பின் மேல் ஈர வாழையிலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் காப்புக்கு நெருப்பு தெரியாது என்று முடிவானது. ஊர் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டால் அது பழைய வழக்கம்போலவே நடந்துகொள்ளும். இலை கட்டும்போது இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள்.

சோளம் புதிதாக வெந்து ஊறியது. மறுநாள் காலை பந்தலில் கல்யாணத்துக்கு வைத்திருந்த அடுப்பு எரிந்தது. கனி தோல் கழுவி ஆட்டிய மாவை உருட்டி, பால் பாக்கெட் உறைக்கு நடுவே வைத்துத் தட்டால் அமுக்கினாள். எவ்வளவு மெல்லிசாக அமுக்க வேண்டும் என்று, டைப் அடித்த அவள் கைக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் தடியாக அமுக்கினாள். எப்போது திருப்ப வேண்டும் என்று தெரியும். அதைவிடக் கொஞ்சம் பிந்தித் திருப்பினாள். ரொட்டி கருகியது, ஊர் உச்சுக்கொட்டியது. அடுத்தது பிய்ந்தது, அடுத்தது கருகியது. கருகியதையெல்லாம் ஒரு சுளகில் அடுக்கி வைத்தாள்.

சந்தனமாரி நாற்காலியை அடுப்புக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கண் ரொட்டியில் இல்லை, கனியின் விரலில் இருந்தது.

"ஏத்தா, உனக்கு வராமக் கருகுதா, வரக்கூடாதுன்னு கருகுதா?"

"புது ரொட்டி அத்தை. மொத ரொட்டி யாருக்கும் சரியா வராதுன்னு புத்தகத்துலயே இருக்கு."

"மொத ரொட்டி. சுளகு நெறையவா மொத ரொட்டி?"

கூட்டத்தில் ஜெயசீலன் நின்றான். "அம்மா, விடுங்க, பாவம்" என்றான். அவன் பாவம் என்றது தன்னையா ரொட்டியையா என்று கனிக்குத் தெரியவில்லை. பொழுது ஏறியது, வேர்வை கண்ணில் இறங்கியது, பந்தலுக்குள் இத்தனை பேர் தன் கையையே பார்க்கும்போது தவறாகச் செய்வது சரியாகச் செய்வதைவிடக் கடினம் என்று அவள் கண்டுகொண்டாள். ஒருமுறை கை மறந்து சரியாகவே அமுக்கிவிட்டது. ரொட்டி மேலெழும்பத் தொடங்கியது, காலண்டர் தாள் படபடத்தது, அவள் தோசைக்கரண்டியால் நடுவில் ஓங்கிக் குத்தினாள். ஆவி புஸ்ஸென்று போனது.

சந்தனமாரி எழுந்து நின்றாள். "பாத்தீகளா? எல்லாரும் பாத்தீகளா?"

ஊர் பார்த்துவிட்டது. முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருவன், "கையப் பிடிச்சுச் செய்ய வைங்கய்யா" என்றான். நாலு பேர் முன்னால் வந்தார்கள். அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து ஐயனார் செருப்பில்லாமல் ஓடி வந்தான். கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராகத் தங்கச்சி முன்னால் வந்து குந்தினான்.

"கனி, நர்ஸம்மா சொல்லுது, இன்னொரு புதன அவ தாங்க மாட்டாளாம். பிள்ளையும் அசையக் காணோம்னு சொல்லுது. நான் என்னம்மா செய்ய?"

அவனுக்கு ரொட்டி விஷயம் ஒன்றும் தெரியாது. வேறு போக்கிடமில்லாமல் தங்கச்சியிடம் ஓடி வந்திருந்தான். கனி அவன் முகத்தைப் பார்த்தாள், சுளகில் கருகிக் கிடந்த ரொட்டிகளைப் பார்த்தாள். அவற்றைப் பார்த்தபோது அவளுக்குத் தான் டைப் அடித்த ஒரு வரி ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைத் தாளின் பின்பக்கம் உள்ள வரி.

"ஆஸ்பத்திரிக்குப் போ, அண்ணே" என்றாள். "பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிரும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "செய்றேன். வேணும்னுதான் கெடுத்தேன், இனிக் கெடுக்கல. ஆனா வெறும் ரொட்டிய எப்படித் திங்க? தொட்டுக்க வேணாமா?"

அது நியாயமாகப் பட்டது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் பலகாரம் சுட்டால் அது முழுச் சாப்பாடு ஆகாது, முழுசாக இல்லாததைத் தாள் ஏற்குமா என்று காசி மாஸ்டரே சொன்னார். சந்தனமாரிக்கும் மறுக்கத் தோன்றவில்லை. "சீக்கிரம் ஆகட்டும்" என்றாள்.

கனி தட்டப்பயற்றைக் குக்கரில் ஏற்றினாள். வெந்ததை வெங்காயம் வதக்கி அதில் கொட்டி மசித்து, சேறுபோல் இறுகும்வரை கிண்டினாள். அது வியாழக்கிழமையின் பதார்த்தம். கல்யாணச் சாமானில் வற்றல் மிளகாய் இருந்தது, எள் இருந்தது, நிலக்கடலை, பட்டை, கிராம்பு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக வறுத்து, தக்காளியும் பூண்டும் சுட்டுப் போட்டு, சுளகிலிருந்த கருகிய ரொட்டிகளை நொறுக்கி அதோடு சேர்த்தாள். மோலே என்ற அந்தக் குழம்புக்கு ஒரு ரொட்டியைக் கருகவிட்டுச் சேர்க்க வேண்டும், கருப்பு நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று பெரியவர் எழுதியிருந்தார்.

பாக்கியத்தாய் அம்மியில் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எள்ளும் கடலையும் கருகலும் மிளகாயும் ஒன்றாக அரைபட்டதைப் பார்த்து அவள் கை நின்றது. மெதுவாகக் கேட்டாள்.

"கனி, இது என்ன கிழமைக் கொழம்புடி?"

கனி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மா மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். வாழையிலை வெந்து சுருண்டு, அடியில் மஞ்சள் கயிறு தோலை இறுக்கிக்கொண்டு தெரிந்தது. பிறகு, "வேற என்ன சேக்கணும்?" என்றாள்.

"சாக்லேட்டு. இனிப்புக் கொறஞ்சது."

பாக்கியத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்துத் தந்த பொன்நிறத் தாள் சுற்றிய சாக்லேட்டோடு திரும்பினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தாளை உரித்து, தன் கையாலேயே குழம்பில் போட்டாள்.

"அது என்னத்துக்கு அதுல?" என்றாள் சந்தனமாரி.

"காரம் கூடிப்போச்சு மதினி" என்றாள் பாக்கியத்தாய், திரும்பாமலே.

குழம்பு கருத்துப் பளபளத்து இறங்கியபோது வெயில் பந்தலின் மேற்குக் கால்களில் ஏறியிருந்தது. கனி அடுத்த உருண்டையை எடுத்தாள், சரியாக அமுக்கினாள், கல்லில் போட்டாள், திருப்பினாள், மறுபடி திருப்பினாள். ரொட்டி ஒரு பக்கம் எழுந்தது, மறுபக்கமும் எழுந்தது, தூங்குகிற பிள்ளையின் வயிறுபோல முழுதாக உப்பி நின்றது. கனி அதை எடுத்து, மேலே பயறு வைத்து, அதன் மேல் ஒரு கரண்டி குழம்பு விட்டு, ஒரு வாய் பிட்டு அம்மாவுக்கு ஊட்டினாள், ஒரு வாய் தான் தின்றாள். கையில் குழம்போடு காலண்டரை நோக்கி நடந்தாள்.

"நான் கிழிக்கேன்" என்று சந்தனமாரி முந்தப் பார்த்தாள். பாக்கியத்தாய் குழம்புச் சட்டியோடு குறுக்கே வந்து நின்றாள், சட்டியில் இன்னும் ஆவி பறந்தது.

கனி தாளின் மூலையைப் பிடித்தாள். பிடித்தது ஒரு தாளை அல்ல. இழுத்தாள். புதனும் வியாழனும் வெள்ளியும் சேர்ந்து, பழுத்த இலைபோல ஒரு வலியுமில்லாமல் கையோடு வந்தன. அடியில் சனிக்கிழமை கருப்பாக, பெரிதாக, தெளிவாக நின்றது.

வெயில் அதே சாயங்கால வெயில்தான். மதுரை பஸ் வந்து மாலைப் பேப்பர் கட்டை இறக்கியது. பால்ச்சாமி ஓடிப்போய்ப் பிரித்தார். சனி என்று போட்டிருந்தது. அச்சடித்து வந்த பிறகு என்ன சொல்வது? அழகுவேல் அண்ணாச்சி தங்கச்சி சந்தனமாரியின் கூச்சல் தாங்காமல் அச்சகத்திலிருந்து பசை வாளியைக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமைத் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் காலண்டர் ஒட்டிய கை. தாள் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜெயசீலன் அதைக் கீழேயிருந்து எடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சூட்கேஸ் கட்டணும்மா" என்றான். மண்டபத்துக்காரர் வெள்ளிக்கிழமை போன இடம் தெரியாமல் கொஞ்ச நாள் புலம்பினார். அம்மன் அந்த ஒரு விளக்கையும் இழந்தாள், கோபித்ததாகத் தெரியவில்லை. பசி வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து குழம்பு கேட்டார்கள், காசி மாஸ்டர் மிச்ச மாவை ரொட்டியாகச் சுட்டுப் போட்டுச் சட்டியை வழித்தார்.

விளக்கு வைக்குமுன் ஐயனார் வந்தான். பெண் பிள்ளை, கொஞ்சம் பிந்தி அழுதது, முனீஸ்வரி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள் என்றான். நின்றபடியே மூன்று ரொட்டி தின்றான். என்ன தின்கிறோம் என்று அவன் கேட்கவேயில்லை.

ஊர் கலைந்த பிறகு பாக்கியத்தாய் மகளை அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார வைத்தாள். காப்பு முடிச்சு மாவும் குழம்பும் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது, அவிழவில்லை. கையைப் பிடித்துக் கத்தியோரத்தில் வைத்துக் கயிற்றை அறுத்தாள். மணிக்கட்டில் சிவந்த வளையம் இருந்தது. அதில் தேங்காயெண்ணெய் தடவினாள். அம்மா எழுந்து, பந்தலுக்குப் போய், சனிக்கிழமைத் தாளைத் தூக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்பக்கத்தை முதல்முறையாகப் படித்தாள்.

"எலுமிச்சைத் தண்ணின்னு போட்டிருக்கு" என்றாள் அங்கிருந்தே. "இதுக்கு எத்தனை பழம்டி பிழியணும்?"